தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தால் போகலாமா? (மட்டக்களப்பு – அம்பாறை)

கல்லடிப் பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் கம்பஸ் தவறிவிட்டது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பயிலுநர் ஒப்பரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சரியான சந்தோசம். மாமாதான், "பம்பை ஒன் பண்ணி ஓஃப் பண்ணுற வேலைக்கு ஏ.எல். படிச்சவன் எதுக்குடா? கட்டாருக்குப் போ" என்று நிற்கிறார். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சும்மா வந்தவன்:
மாமா சொல்வது சரி. கட்டாரிலும் தண்ணீர் பிளாண்ட் இருக்கிறது, சம்பளம் மட்டும் வேறு.

பழைய பம்ப் ஹவுஸ்:
தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் மட்டக்களப்புப் பக்கம், பிறகு அம்பாறை மாவட்டத்தில். கூலியாகச் சேர்ந்து, பம்ப் ஒப்பரேட்டராகி, கடைசியில் ஆய்வுகூடத்தோடு ஒட்டிய வேலைவரை வந்தேன். மாமா கோபிக்கக்கூடாது, பம்பை ஒன் பண்ணுவது இந்த வேலையில் ஐந்து நிமிடச் சமாசாரம்.

குளத்துத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வரும். மார்கழி மழையில் கலங்கி மண் நிறத்தில் வரும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றினால் பாசி மணத்தோடு பச்சை அடித்து வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து போட்டால் சரிவராது. எவ்வளவு படிகாரம் போடுவது என்று பார்க்க ஜார் ரெஸ்ட் செய்வோம். ஒரு லீற்றர்ப் போத்தல் ஆறை வரிசையாக வைத்து, 10, 20, 30 மில்லிகிராம் என்று கூட்டிக்கொண்டே போய், ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பதினைந்து இருபது நிமிடம் மெதுவாகச் சுற்ற விடவேண்டும். சரியான அளவு விழுந்த போத்தலில் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்கும், மேலே தெளிந்துவிடும். குறைவாகப் போட்டதில் கலங்கல் அப்படியே நிற்கும். அளவுக்கு மேல் போட்டாலும் சில வேளை திரும்பக் கலங்கும். அந்தக் காலத்தில் எங்கள் அம்மம்மா பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டை உரசியதும் இதே வேலைக்குத்தான், அளவு மட்டும் கையால் பழகியது.

இதில் பொடியன்கள் மறக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும், ஒரு மில்லிகிராமுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம். மழைத் தண்ணீரில் காரத்தன்மை ஏற்கனவே குறைவு. கலங்கல் கூடிவிட்டதென்று படிகாரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) கீழே விழுந்து, பிறகு எவ்வளவு போட்டாலும் கட்டி சேராது. கூடவே சுண்ணாம்பும் போகவேண்டும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு தடவை வெள்ளம் வந்ததே, அப்போது இரவு பகலாக இந்த ரெஸ்டைத்தான் செய்துகொண்டிருந்தோம். காலையில் பிடித்த அளவு பின்னேரத்துக்குச் செல்லாது.

இன்னொன்று, பென்சன். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு. சபை, கூட்டுத்தாபன வேலைகளில் பெரும்பாலும் பென்சன் இல்லை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தான். உன் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் 12 வீதம், அதைவிட ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். நியமனக் கடிதத்தை நன்றாக வாசித்துப் பார்.

கல்லடிப் பொடியன்:
சேர், மிக்க நன்றி. ஜார் ரெஸ்ட் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பென்சன் விசயத்தை அம்மாவுக்கு இன்றைக்குச் சொல்லமாட்டேன், முகம் வாடிவிடும்.

வாவிக்கரை ராணி:
ஐயா இருப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டுப் பைப்பில் சில நாள் குளோரீன் மணம் மூக்கைத் துளைக்கிறது, தேத்தண்ணி வாயில் வைக்க முடியாது. சில நாள் மணமே இல்லை, ஆனால் வாளியின் அடியில் மண்ணிறமாகப் படிகிறது. மாமி கிணற்றுத் தண்ணீர்தான் நல்லதென்று பைப்பைத் தொடவே மாட்டார். யாரோ ஒருவர் தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெசின் வாங்கச் சொல்கிறார். எதைத்தான் நம்புவது?

பழைய பம்ப் ஹவுஸ்:
தங்கச்சி, மணத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். குளோரீனை நிலையத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் பைப் எத்தனையோ மைல். வழியில் எங்காவது வெடிப்பு, ஒட்டுப்போட்ட இடம், பழைய பைப்பின் உள்ளே படிந்த அழுக்கு எல்லாம் இருக்கும். அதையெல்லாம் தாண்டி வந்து, கடைசி வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். இருந்தால்தான் இடையில் கிருமி புகுந்தாலும் அடங்கும். கடைசி வீட்டில் அந்த அளவு எஞ்ச வேண்டுமென்றால் நிலையத்துக்குக் கிட்ட உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். அங்கே மணக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் சில மணித்தியாலம் திறந்து வைத்தால் மணம் குறையும், கொதிக்க வைத்தாலும் போகும். நீச்சல் தடாகத்து மணம் போலக் கடுமையாக அடித்தால் குளோரீன் கூடிப்போனது என்று மட்டும் நினைக்காதீர்கள். குளோரீன் அழுக்கோடு சேர்ந்தாலும் அந்த மணம் வரும்.

மண்ணிறத்துக்குக் காரணம் பல. வரட்சியில் குளத்தின் அடித்தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் சேற்றிலுள்ள இரும்பும் மங்கனீசும் கரைந்து வரும், பிறகு பைப்பில் படிந்து, தண்ணீர் வேகம் மாறும்போது கிளம்பும். அதனால்தான் குளத்தில் தண்ணீர் எடுக்கும் கோபுரத்தில் பல உயரங்களில் வாய் வைத்திருப்பார்கள், எந்த மட்டத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதோ அதைத் திறக்கலாம். ஆனால் தங்கச்சி, கூரைமேல் இருக்கும் டாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? முதலில் மீற்றருக்குப் பக்கத்துக் குழாயில் நேரே பிடித்துப் பாருங்கள். அங்கே தெளிவாக வந்தால் பிரச்சினை மேலே இருக்கிறது.

வாவிக்கரை ராணி:
மீற்றருக்குப் பக்கத்துக் குழாயில் கண்ணாடி போல வருகிறது ஐயா. டாங்கியில் ஏறுவதற்கு இவரை எழுப்பவேண்டும்.

செங்கலடிப் பொதுச்சுகாதாரம்:
நானும் இந்தத் துறைக்குப் பக்கத்தில் இருப்பவன்தான், அதனால் மாமியின் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கரையோர மண் மணல். மணலில் அழுக்கு வேகமாக இறங்கும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி வேண்டுமென்று நாங்கள் சொல்வோம். காத்தான்குடி போல வீடோடு வீடு ஒட்டிய இடத்தில் பெரும்பாலான வளவில் அந்த 50 அடி கிடைக்கவே கிடைக்காது. உங்கள் குழியிலிருந்து தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி கிட்ட வந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் ருசியாக இருக்கலாம், தெளிவாகவும் இருக்கலாம். ஆனால் குழியிலிருந்து இறங்கும் நைத்திரேற்று என்ற உப்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். இதை வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சும்மா வந்தவன்:
எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீர் குடித்து 90 வயது வரை இருந்தார்.

செங்கலடிப் பொதுச்சுகாதாரம்:
தாத்தாவின் காலத்தில் அந்த வளவைச் சுற்றி எத்தனை குழி இருந்தது?

மருதமுனை நெசவு வீடு:
கிணறு என்றதும் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. 2004 சுனாமி நடந்தபோது நான் சின்னப் பொடியன். எங்கள் வளவுக் கிணறு முழுக்கக் கடல் தண்ணீரும் சேறும். வாப்பா எங்கிருந்தோ ஒரு மோட்டார் பம்ப் இரவல் வாங்கி வந்து இறைத்தார். அன்றைக்குத் தெளிந்தது, மறுநாள் உப்பு. திரும்ப இறைத்தார், திரும்ப உப்பு. இறைக்க இறைக்க உப்புக் கூடியது போலத்தான் இருந்தது. உம்மா கரித்துக்கொண்டே அதில் உடுப்புத் துவைத்தார். பவுசர் (தண்ணீர் லொறி) வரும்வரை குடிக்கத் தண்ணீர் இல்லை. காக்கா, அது ஏன் அப்படி நடந்தது?

பழைய பம்ப் ஹவுஸ்:
தம்பி, உங்கள் வாப்பா மட்டுமில்லை, கரை முழுக்க எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். உதவிக்கு வந்த நிறுவனங்களும் முதலில் பம்பைத்தான் கொண்டுவந்தன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற இந்த மணல் திட்டில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய படை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். நீங்கள் மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு எழும்பி வரும். சேற்றையும் குப்பையையும் அள்ளும் அளவுக்கு மெதுவாக ஒரு தடவை இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, மழைக்கு விட்டிருக்கவேண்டும். மாரி மழைதான் உப்பைக் கழுவும். பல கிணறுகள் ஒன்றிரண்டு மாரி கண்ட பிறகுதான் வழிக்கு வந்தன.

அந்த மாதங்களில் நான் பவுசர் நிரப்பும் இடத்தில் நின்றேன். றோட்டோரம் முழுக்கக் கறுப்பு டாங்கிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்டிக்கர். தண்ணீரை நிரப்பும்போது குளோரீன் சரியாக இருக்கும். வெயிலில் ரெண்டு நாள் டாங்கி நின்றால் போய்விடும். அதனால் கையில் சின்னக் கண்ணாடிக் குழாயும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய், மாத்திரையைக் கரைத்து இளஞ்சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்போம். நிறம் வந்தால் குளோரீன் இருக்கிறது. வராவிட்டால் அந்த டாங்கியை ஊற்றச் சொல்லவேண்டும். அங்கேதான் கஷ்டம். பிள்ளையை இழந்து, வீட்டை இழந்து வரிசையில் நிற்கிற ஒரு தாயிடம், "இந்தத் தண்ணீரை ஊற்றுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லித் தரமாட்டார்கள். அடுத்த பவுசர் வரும்வரை நாங்களும் அங்கேயே நிற்பது என்று முடிவெடுத்தோம். ஆள் நின்றால் சனம் நம்பும்.

மருதமுனை நெசவு வீடு:
நன்றி காக்கா. வாப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே" என்கிறார்.

படுவான்கரையான்:
எல்லாம் சரி. ஒரு கேள்வி. மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்தமாகிப் போகிறது. அந்தக் குளத்தைச் சுற்றி நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஊருக்கு வரட்சி வந்தால் இன்னும் பவுசர்தான். வயலுக்கும் தண்ணீர் குறைகிறது, குடிக்கவும் இல்லை. பைப் எங்கள் தலைக்கு மேலால் போகிறது என்றுதான் எங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். பொதுச்சேவை என்று சொல்கிறீர்களே, அது வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரைக்கு மட்டும்தானா?

பழைய பம்ப் ஹவுஸ்:
தம்பி, உங்கள் கேள்வி நியாயம். தொழில்நுட்பக் காரணம் சொல்லலாம். பெரிய பைப்பிலிருந்து ஆங்காங்கே ஓட்டை போட்டு எடுத்தால் கடைசியில் அழுத்தம் செத்துவிடும். வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் தண்ணீர் சின்னப் பைப்பில் நாள்கணக்கில் தேங்கி நின்று குளோரீன் போய்விடும். அதற்குத் தனித் தண்ணீர்க் கோபுரம் வேண்டும், காசு வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் வாளியோடு நிற்கும்போது இந்தக் காரணங்கள் வாயில் வராது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் ஒரு பைப் போடுவதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. இப்போது சண்டை இல்லை. என் கருத்து, கமக்கார அமைப்பும் தண்ணீர் பாவனையாளர்களும் ஒரே கூட்டத்தில் உட்காரவேண்டும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றால் வயலுக்கு எவ்வளவு, குடிக்க எவ்வளவு, சுற்றியுள்ள ஊர்களுக்கு எவ்வளவு என்று போகத்துக்கு முன்பே எழுதி வைக்கவேண்டும். நான் வேலையில் இருந்தபோது இதைச் சொன்னேன், "உன் வேலையைப் பார்" என்றார்கள்.

படுவான்கரையான்:
உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. கூட்டம் வைத்தால் நாங்கள் வருவோம். வைக்கிறவர்களைத்தான் காணவில்லை.

சும்மா வந்தவன்:
சண்டைக் காலத்தில் எப்படி வேலை செய்தீர்கள்? குளோரீன் சிலிண்டரைக் கண்டால் ஆமிக்காரன் விட்டானா?

பழைய பம்ப் ஹவுஸ்:
லொறி காவலரணில் நிற்கும், கடிதம் பார்ப்பார்கள், திரும்பப் பார்ப்பார்கள். சில நாள் வராது. அப்போது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒப்பேற்றுவோம். பாக்கெட் உடைத்துக் கனநாள் இருந்த பவுடரில் சக்தி இருக்காது, அதனால் அளவைக் கூட்டவேண்டும், எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயில் பார்த்துப் பார்த்துத்தான். ஊரடங்கு போட்டால் அடுத்த சிப்டுக்காரர் வாவியைத் தாண்டி வரமுடியாது, நின்றவரே தொடரவேண்டும். கரண்ட் போனால் ஜெனரேற்றர், டீசல் இல்லாவிட்டால் கடவுள்.

குளோரீன் பற்றி, வேலைக்குப் போகிற தம்பி கேட்டுக்கொள். அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், தரையோடு தரையாகப் படுத்து வரும். கசிந்தால் குனிந்து ஓடாதே. காற்று வரும் திசையை நோக்கி, உயரமான இடத்துக்குப் போ. கசிவு எங்கே என்று பார்க்க அமோனியாவில் நனைத்த துணியைக் கம்பில் சுற்றிக் கிட்டக் கொண்டுபோனால் வெள்ளைப் புகை எழும்பும். முகமூடி போடாமல் அந்த அறைக்குள் போகாதே. கசிகிற சிலிண்டரில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. ஈரம் பட்டால் அமிலமாகி இரும்பைத் தின்று ஓட்டையைப் பெரிசாக்கும். ஒரு பெருநாள் இரவில் எனக்கு ஒரு கசிவு வந்தது. சிலிண்டர் வால்வின் ஈய வாசர் பழசு. என்னோடு நின்ற சக ஊழியர் மருதமுனைக்காரர், நோன்பு முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவர், எனக்கு முன்னமே முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்பானரோடு உள்ளே போய்விட்டார்.

கல்லடிப் பொடியன்:
சேர், இப்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. நைற் சிப்டில் தனியாக நிற்கவேண்டி வருமா? நேர்முகத்தில் கணக்குக் கேட்பார்களா?

பழைய பம்ப் ஹவுஸ்:
சின்ன நிலையமென்றால் தனியாகவும் வரும். இரவு ரெண்டு மணிக்கு யாரும் பார்க்கமாட்டார்கள், பதிவுப் புத்தகத்தில் போன மணித்தியாலத்து அளவையே திரும்ப எழுதிவிட்டுப் படுக்கலாம். அப்படிப் படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் எங்கள் மேற்பார்வையாளர் நிலையத்தைச் சுற்றிக் காட்டவே இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், பைப் முடிகிற இடத்தில் உள்ள வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கச் சொன்னார். அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தார், அதற்குப் பிறகு எப்போது போனாலும் கேட்காமலே செம்பை நீட்டுவார்.

இன்னொரு விசயம், இதைச் சனமும் கேட்கட்டும். தண்ணீர் நேரம் வைத்து விடுகிற இடங்களில் சிலர் மெயின் லைனிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும்போது பைப்புக்குள் வெற்றிடம் வந்து, வெடிப்பு இருக்கிற இடத்தில் வெளியே நிற்கிற கான் (சாக்கடை) தண்ணீர் உள்ளே இழுபடும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். சட்டப்படியும் குற்றம்.

கணக்கு வரும். ஒன்று தருகிறேன். நாளுக்கு 15,000 கனமீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரீன் போடவேண்டும். எத்தனை கிலோ? வாயு வராவிட்டால் 30 வீதம் சக்தியுள்ள பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ?

கல்லடிப் பொடியன்:
ஒரு கனமீற்றருக்கு 2 கிராம். 15,000 × 2 = 30,000 கிராம், 30 கிலோ. பவுடர் என்றால் 30 ஐ 0.3 ஆல் வகுத்தால் 100 கிலோ. சரியா சேர்?

பழைய பம்ப் ஹவுஸ்:
சரி. உன் மாமாவிடமும் கேட்டுப் பார்.

வாவிக்கரை ராணி:
இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். இவர் டாங்கியில் ஏறிவிட்டார். அடியில் ஒரு விரல் தடிப்புக்குச் சேறு, ஒரு பல்லியும். 500 லீற்றர் டாங்கி. கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

செங்கலடிப் பொதுச்சுகாதாரம்:
அக்கா, முதலில் சேற்றையெல்லாம் அள்ளி, பிரஷ் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரை வெளியே விடுங்கள். பிறகு டாங்கியை நிரப்பி, புதுப் பவுடர் 80 கிராம் அளவில் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் ஒரு தடவை திறந்து மணம் வந்ததும் மூடுங்கள். ஒரு நாள் நிற்கட்டும், அதுவரை யாரும் குடிக்கக்கூடாது, குளிக்கவும் வேண்டாம். மறுநாள் எல்லாவற்றையும் வெளியே விட்டு, நல்ல தண்ணீரால் அலசி நிரப்புங்கள். வெளியே விடும் பிளீச்சிங் தண்ணீரைக் கிணற்றடியிலும் பூமரத்திலும் விடவேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பல்லி அந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

வாவிக்கரை ராணி:
மூடியே இல்லையாம். பழைய தகரம் ஒன்றைத்தான் வைத்திருந்தாராம், அது காற்றுக்குப் பறந்து பக்கத்து வளவில் கிடக்கிறது. நாளைக்கு மூடி வாங்கிவிட்டு எழுதுகிறேன். ஆர்.ஓ. மெசின்காரருக்கு இப்போதைக்கு வேண்டாமென்று சொல்லியாயிற்று.